முழங்காலும் மழையும்: ஆப்பிரிக்க மிஷன் வரலாற்றில் ஜெபம்

ஆப்பிரிக்காவுக்குச் சென்ற புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் கொண்டுபோனவற்றில் பெரும்பாலானவை அவர்கள் கையைவிட்டு எளிதில் போகக்கூடியவை அல்ல. அச்சுக்கூடத்துக்கு எழுத்தும் காகிதமும் கப்பலில் வர வேண்டும். மருத்துவமனைக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். ஞானஸ்நானம் கொடுக்கவும் திருவிருந்து பரிமாறவும் குருப்பட்டம் வேண்டும். ஜெபத்துக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. ஒருமுறை கற்றுக்கொண்டவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஜெபிக்கலாம், பிறருக்குச் சொல்லிக்கொடுக்கலாம், சொல்லிக்கொடுத்தவரையே மிஞ்சவும் செய்யலாம். ஜெபம் கேட்கப்பட்டதா என்பது விசுவாசத்தின் கேள்வி. அதற்கு வரலாற்று ஆய்வால் விடை சொல்ல முடியாது. அது யார் கைக்குப் போனது, அங்கே என்னவாயிற்று என்பதை ஆவணங்களைக் கொண்டு சொல்ல முடியும்.

முதல் சான்று தென்னாப்பிரிக்காவின் தென்கோடியில் கிடைக்கிறது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வரும் வழியில் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் நன்னம்பிக்கை முனையில் இறங்கினார்கள். அங்கு வாழ்ந்த கோய்கோய் மக்களைப் பற்றி எழுதினார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த மக்களிடம் சென்றவர் ஜார்ஜ் ஷ்மிட். தன் விசுவாசத்துக்காக ஆறு ஆண்டுகள் சிறையில் கிடந்த மொராவியர். அவரை அனுப்பிய, ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டிலிருந்த மொராவியச் சமூகத்தில் 1727ஆம் ஆண்டு ஆகஸ்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் பங்கிட்டுக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தொடர் ஜெபம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1737இல் வந்துசேர்ந்த ஷ்மிட், பாபூன் பள்ளத்தாக்கு என்ற பெயர்கொண்ட இடத்தில் குடிசை போட்டு, டச்சு மொழியில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1742இல் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் கேப் டவுனின் டச்சுப் போதகர்கள் எதிர்த்தார்கள். 1744இல் அவர் கப்பலேறினார். திரும்பி வரவே இல்லை.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் அங்கே மிஷனரி எவரும் இல்லை. 1792இல் மூன்று மொராவியர்கள் போய்ப் பார்த்தபோது, ஷ்மிட்டிடம் ஞானஸ்நானம் பெற்ற மக்தலேனா என்ற மூதாட்டி உயிரோடு இருந்தார். ஷ்மிட் கொடுத்த புதிய ஏற்பாட்டை ஆட்டுத்தோலில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. இன்னொரு பெண் அதை வாசித்துக் காட்டினாள். ஷ்மிட் நட்ட பேரி மரத்தடியில் மக்தலேனா ஆட்களைக் கூட்டி ஜெபித்துவந்ததாக அந்த ஊரின் நினைவு சொல்கிறது. ஹெர்ன்ஹூட்டின் இடைவிடாத ஜெபத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மரத்தடியில் குருவும் சபையும் சம்பளமும் இல்லாமல் தொடர்ந்த ஜெபத்துக்கு அந்த நூல்களில் ஒரு பத்தியே கிடைக்கிறது. அவ்வூர் பின்னர் கெனாடென்டால், கிருபையின் பள்ளத்தாக்கு, என்று பெயர் பெற்றது. நெல்சன் மண்டேலா 1995இல் கேப் டவுனிலிருந்த தம் அரசு இல்லத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

ஜெபத்துக்கு உள்ளூர் மொழியில் என்ன சொல் என்பதே மிஷனரிகளின் முதல் சிக்கல். தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் ஜெபம், மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உருவேற்றுவதைக் குறித்த வடமொழி ஜபத்திலிருந்து வந்தது. வேறொரு சமயத்தின் வீட்டிலிருந்து எடுத்த சொல் புதிய சமயத்தில் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. ஆப்பிரிக்காவிலும் அதுவே நடந்தது. யொரூபா மொழியில் ஜெபத்துக்கு வழங்கும் ‘அதுரா’, அரபு மொழியின் ‘துஆ’ ஹௌசா வழியாக வந்து தேய்ந்த வடிவம். சுவாகிலியில் ஜெபிப்பதைக் குறிக்கும் ‘குசாலி’யும் அரபுச் சொல்தான். உகாண்டாவில் நிலைமை இன்னும் சுவையானது. லுகாண்டா மொழியில் ‘ஒகுசோமா’ என்றால் வாசித்தல். வழிபாட்டுக்குப் போவதற்கும் அதே சொல். முதல் கிறிஸ்தவர்களை ஊரார் ‘அபசோமி’, வாசிக்கிறவர்கள், என்று அழைத்தார்கள். எழுத்தும் வழிபாடும் ஒன்றாக வந்து இறங்கியதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

சொல் கிடைத்துவிட்டாலும் பொருள் ஒன்றாக இருக்கவில்லை. மழை பொய்த்தபோது அது வெளிப்பட்டது.

ராபர்ட் மொஃபாட்டும் அவர் மனைவி மேரியும் 1820களில் கலஹாரிப் பாலையின் தென்விளிம்பில், குருமான் ஊற்றை ஒட்டி, த்லாபிங் மக்களிடையே குடியேறினார்கள். அங்கே மழை என்பது வானிலை மட்டும் அல்ல, ஆட்சியின் தகுதி. மழை தருவிக்கும் பொறுப்பு தலைவனுடையது. அவனால் முடியாவிட்டால் பேர்பெற்ற மழைக்காரனை வெளியூரிலிருந்து அழைத்துவர வேண்டும். அப்படி அழைத்துவரப்பட்ட ஒருவர் தம் முயற்சி பலிக்காதபோது பழியை மிஷனரிகள் மேல் போட்டார். கோயில் மணியோசை மேகங்களை விரட்டுகிறது என்றார்கள். அடுத்துப் பழி ஜெபத்தின் மேல் விழுந்தது. வீட்டுக்குள் குனிந்து, தரையில் இருக்கும் ஏதோ தீய பொருளோடு நீங்கள் பேசுவதில்லையா என்று ஒரு தலைவர் கடுமையாகக் கேட்டதை மொஃபாட் 1842இல் வெளியிட்ட தம் நூலில் பதிவுசெய்கிறார். முழங்காலிட்டு முகம் கவிழ்த்து ஜெபிப்பது பணிவின் அடையாளம் என்பது ஐரோப்பியரின் பாடம். வானத்தை நோக்கி மழை கேட்கும் மக்களுக்கு, மண்ணைப் பார்த்து முணுமுணுக்கும் மனிதர் சந்தேகத்துக்குரியவராகத் தெரிந்ததில் வியப்பு இல்லை. முடிவில் மழைக்காரரின் உயிருக்கே ஆபத்து வந்தபோது அவருக்காகப் பரிந்துபேசிக் காப்பாற்றியவர் மொஃபாட்.

குருமானில் ஆண்டுக்கணக்கில் யாரும் மனம் திரும்பவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்த ஒரு தோழி, என்ன அனுப்பட்டும் என்று கேட்டு எழுதியபோது, திருவிருந்துப் பாத்திரங்களை அனுப்பும்படி மேரி மொஃபாட் பதில் எழுதினார். திருவிருந்தில் பங்கெடுக்க அப்போது ஒரு த்லாபிங் ஆளும் இல்லை. 1829இல் முதல் ஞானஸ்நானம் நடந்து, முதல் திருவிருந்துக்கு நாள் குறித்திருந்த அதே வாரத்தில் பெட்டி வந்துசேர்ந்தது. மிஷனரிச் சொற்பொழிவுகளில் இந்தப் பெட்டி இருநூறு ஆண்டுகளாகத் திறக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மேரி தம் ஜெபத்தைப் பொருட்பட்டியலாக எழுதி அனுப்பினார் என்பதே அதில் நினைவில் நிற்பது.

மொஃபாட்டின் மருமகனான டேவிட் லிவிங்ஸ்டனுக்கு மழைச் சிக்கல் வேறு வடிவில் வந்தது. அவரிடம் 1848 அக்டோபர் 1ஆம் தேதி ஞானஸ்நானம் பெற்ற க்வேனா தலைவர் செச்செலேயே ஒரு மழைக்காரர். அவர் மழை வித்தையைக் கைவிட்டார். மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் வாழ்ந்த கொலோபெங்கில் தொடர்ந்து மழை இல்லை. எங்கள் தலைவர் கொஞ்சம் மழையாவது பெய்விக்கட்டும், பிறகு நாங்கள் எல்லாரும் வந்து ஜெபிக்கிறோம், பாடுகிறோம் என்று பெரியவர்கள் லிவிங்ஸ்டனிடம் மன்றாடினார்கள். 1857இல் வந்த அவருடைய பயண நூலில் மழை மருத்துவர் ஒருவரோடு நடந்த வாதம் இடம்பெற்றிருக்கிறது. மழையைப் பெய்விப்பவர் கடவுள்தான், நான் மருந்தைக் கொண்டு அவரைக் கேட்கிறேன் என்பது மருத்துவரின் கட்சி. நீங்களும் நோய்க்கு மருந்து கொடுக்கிறீர்கள். குணமானால் கடவுள் செயல் என்கிறீர்கள், ஆகாவிட்டால் மருந்தை விட்டுவிடுவதில்லை. நான் செய்வதும் அதுவே என்று அவர் வாதிட்டார். தம் எதிராளி வெல்வதுபோல் தோன்றும் ஒரு வாதத்தை மறைக்காமல் அச்சிட்டது லிவிங்ஸ்டனின் நேர்மைக்குச் சான்று.

செச்செலே தம் வீட்டில் நடத்திய குடும்ப ஜெபத்தின் எளிமையையும் அழகையும் லிவிங்ஸ்டனே புகழ்ந்திருக்கிறார். தம் மொழியை ஆளத் தெரிந்தவரின் ஜெபம் அது. திருப்பி அனுப்பிய மனைவியரில் ஒருவர் கருவுற்றது தெரிந்ததும் 1849இல் அவர் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டார். லிவிங்ஸ்டன் ஏமாற்றத்தோடு வடக்கே போய்விட்டார். செச்செலே விடவில்லை. தாமே வாசித்தார், போதித்தார், வழிபாடு நடத்தினார். பல ஆண்டுகளுக்குப் பின் வந்த ஜெர்மானிய மிஷனரிகள், தங்களுக்கு முன்பே ஜெபம் அங்கே நடந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். மழைச் சடங்குகளுக்கும் அவர் பிற்காலத்தில் திரும்பினார். இதைப் பின்மாற்றம் என்று மிஷன் ஏடுகள் எழுதின. குடிமக்களின் பயிருக்குப் பொறுப்பான தலைவர், கேட்கத் தெரிந்த எல்லா வழியிலும் கேட்டார் என்று கொள்வதே அவருக்கு நியாயம் செய்யும்.

அண்டை நாட்டு ங்வாட்டோ தலைவரான மூன்றாம் காமா வேறு வழி கண்டார். மழைச் சடங்கை நிறுத்திவிட்டு, அதே பருவத்தில், அதே தேவைக்காக, தலைவரின் பொறுப்பிலேயே சபை கூடி ஜெபிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஏறு பூட்டும் காலத்து ஜெபநாளாக அது நிலைத்தது. சடங்கு போனது, அதன் இடம் அப்படியே இருந்தது. இன்றைய போட்ஸ்வானாவின் நாணயத்துக்குப் பெயர் ‘புலா’. மழை என்றும் ஆசி என்றும் பொருள்.

லிவிங்ஸ்டனின் மரணம் ஜெபத்தைப் பற்றிய மிஷன் கற்பனையில் வேறெந்த நிகழ்வையும்விட ஆழப் பதிந்தது. 1873 மே தொடக்கத்தில், இன்றைய ஜாம்பியாவில் பங்வேலு ஏரிக்குத் தெற்கேயுள்ள சிட்டாம்போவின் ஊரில், கட்டிலருகே முழங்காலிட்டு முகத்தைக் கைகளில் புதைத்த நிலையில் அவர் இறந்துகிடந்ததை உடனிருந்தவர்கள் கண்டார்கள். உடனிருந்தவர்களான சூசியும் சூமாவும் சொன்னதைக் கேட்டு அவருடைய இறுதி நாட்குறிப்புகளைப் பதிப்பித்த ஹொரேஸ் வாலர், அந்தக் காட்சியை ஜெபித்துக்கொண்டே உயிர்விட்ட புனிதரின் சித்திரமாக்கினார். குருதிப்போக்கால் துடித்த ஒரு நோயாளி வலி தாளாமல் அப்படிக் குனிந்திருக்கலாம் என்று பின்னாளைய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்த முழங்காலின் ஒரே சாட்சிகள் ஆப்பிரிக்கர்கள். இதயத்தை முபுண்டு மரத்தடியில் புதைத்து, பதப்படுத்திய உடலை மாதக்கணக்கில் கடற்கரைக்குச் சுமந்தவர்களும் அவர்களே. புதைத்தபோது அடக்க ஆராதனையை வாசித்தவர் ஜேக்கப் வெயின்ரைட். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, இந்தியாவில் நாசிக் அருகே மிஷன் பள்ளியில் படித்த இளைஞர். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் 1874 ஏப்ரல் 18ஆம் தேதி நடந்த ஆராதனை இரண்டாவதுதான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் மழையின் இடத்தைக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. 1893 டிசம்பரில் வால்டர் கோவன்ஸ், தாமஸ் கென்ட், ரோலண்ட் பிங்காம் என்ற மூன்று இளைஞர்கள் லாகோஸில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் எந்தச் சபையின் கருவூலமும் இல்லை. பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரும் சீன உள்நாட்டு மிஷனின் ஹட்சன் டெய்லரும் வகுத்த வழியில், தேவைகளைக் கடவுளிடம் மட்டும் சொல்வது என்ற ‘விசுவாச மிஷன்’ கொள்கையோடு வந்தவர்கள். ஏறத்தாழ ஓராண்டுக்குள் கோவன்ஸும் கென்ட்டும் உள்நாட்டில் இறந்தார்கள். பிங்காம் தாயகம் திரும்பினார். அடுத்த முயற்சியும் காய்ச்சலில் முறிந்தது. 1901இல் மூன்றாவது முயற்சியில்தான் நைஜர் ஆற்றங்கரையிலுள்ள பட்டிகியில் அவர்கள் தொடங்கிய சூடான் உள்நாட்டு மிஷன் கால் ஊன்றியது.

கொய்னா மருந்தை முன்கூட்டியே உட்கொண்டால் மலேரியாவைத் தடுக்கலாம் என்பது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1854இல் நைஜர் ஆற்றில் சென்ற பெய்க்கியின் பயணக்குழுவில் அந்த முறையால் ஒருவர்கூடச் சாகவில்லை. ஆனாலும் அன்றைய விசுவாச மிஷன் வட்டங்களில் ஒரு பகுதியினர், மருந்தை நம்புவது ஜெபத்தை நம்பாததற்குச் சமம் என்று போதித்தார்கள். அந்தப் போதனையை மறுத்துப் பிங்காமே பின்னாளில் ஒரு நூல் எழுதினார். இரண்டு நண்பர்களை இழந்தவரின் நூல் என்ற நினைவோடு அதைப் படிக்க வேண்டும்.

தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்வது என்ற கொள்கை நடைமுறையில் ஒரு துணையோடுதான் இயங்கியது. அதற்குப் பெயர் ஜெபக் கடிதம். மிஷனரி தம் ஊரின் நிலைமையை, நோயை, இடிந்த கூரையை எழுதி அனுப்புவார். தாயகத்தில் அது படியெடுக்கப்பட்டு ஜெபக்குழுக்களில் வாசிக்கப்படும். பணம் வேண்டும் என்று ஒரு வரியும் இருக்காது, படித்தவர்களுக்குப் புரியும். இதைப் பாசாங்கு என்று சொல்லிவிடுவது எளிது. இன்றைய நைஜீரியாவின் கலபாரில் 1876 முதல் 1915 வரை உழைத்த மேரி ஸ்லெஸர் ஸ்காட்லாந்துத் தோழிகளுக்கு எழுதிய கடிதங்களைப் பார்த்தால் வேறொன்று தெரியும்: காட்டுக்குள் தனித்திருந்தவரை ஒரு நகரத்து அடுக்களையோடு பிணைத்திருந்த கயிறு அந்தக் கடிதம்தான். ஆப்பிரிக்க ஊர்ப் பெயர்களை உச்சரிக்கத் தடுமாறும் பெண்கள் வாரந்தோறும் அந்த ஊர்களைப் பெயர் சொல்லி ஜெபித்தார்கள்.

மருந்தா ஜெபமா என்ற வழக்கு பிறகு ஆப்பிரிக்கர் கையில் தலைகீழாகத் திரும்பியது. 1918இல் இன்ஃபுளுவென்சா நைஜீரியாவை வாரியெடுத்தபோது மருத்துவமனைகள் திணறின. கூட்டம் கூடக் கூடாதென்று கோயில்களும் மூடப்பட்டன. இஜேபு ஓடேயின் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த ஜோசப் ஷடாரே, பள்ளி ஆசிரியை சோஃபியா ஒடுன்லாமி ஆகியோரைச் சுற்றி ஒரு ஜெபக்குழு உருவானது. மருந்தின்றி ஜெபத்தால் மட்டும் குணம் தேடுவது அதன் கொள்கை. 1922இல் அவர்கள் ஆங்கிலிக்கன் சபையைவிட்டு வெளியேறினார்கள். இத்தகைய இயக்கங்களுக்கு ‘அலதுரா’, ஜெபிக்கிறவர்கள், என்ற பெயர் நிலைத்தது. மற்றக் கிறிஸ்தவர்கள் ஜெபிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

1930 ஜூலையில் இலேஷாவில் எழுப்புதல் வெடித்தது. அதன் நடுவில் நின்ற ஜோசப் அயோ பாபலோலா, பொதுப்பணித் துறையில் சாலை உருளை ஓட்டியவர். ஜெபித்துக் கொடுத்த தண்ணீருக்காக, அவர்கள் சொல்லில் ‘ஒமி இயே’ என்ற ஜீவத்தண்ணீருக்காக, குடங்களோடும் குப்பிகளோடும் மக்கள் திரண்டார்கள். யொரூபா மண்ணில் மிஷன்கள் எண்பதாண்டுகளாகப் பாடுபட்டும் பார்த்திராத கூட்டம். காலனி அரசின் கெடுபிடியிலிருந்து தப்ப, தலைவர்கள் பிரிட்டனின் அப்போஸ்தலிக் சபையை அழைத்தார்கள். 1930களின் தொடக்கத்தில் அதன் மிஷனரிகள் வந்தார்கள். வந்தவர்கள் கொய்னா சாப்பிட்டார்கள்.

இதை மிஷன் வரலாற்றின் மிகக் கூர்மையான கணங்களில் ஒன்று எனலாம். ஜெபம் நோயைக் குணமாக்கும் என்று போதிக்க வந்தவர்கள் கொசுக்கடிக்கு மாத்திரை விழுங்குவதை ஆப்பிரிக்க விசுவாசிகள் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டார்கள். தங்களுக்கு இந்தத் தட்பவெப்பம் பழக்கமில்லை என்பது போன்ற விடைகள் எடுபடவில்லை. பத்தாண்டுக்குள் உறவு முறிந்தது. பாபலோலாவும் கூட்டாளிகளும் தனியே சென்று கிறிஸ்து அப்போஸ்தலிக் சபையை அமைத்தார்கள். சமூகவியலாளர் ஜே. டி. ஒய். பீல் 1968இல் வெளியிட்ட ஆய்வு, இதை அறிவியலை மறுத்த பழமைவாதமாகப் பார்க்கவில்லை. யொரூபா மரபில் சமயம் என்றால் நலம், மகப்பேறு, பாதுகாப்பு ஆகியவற்றை இவ்வுலகிலேயே தர வேண்டியது. அந்த அளவுகோலை மக்கள் கிறிஸ்தவத்தின் மேலும் வைத்தார்கள் என்கிறார். மருந்தை மறுத்ததால் காப்பாற்றக்கூடிய உயிர்களும் போயின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஜெபம் வந்த வழியே திரும்பியும் போனது: 1964இல் அலதுரா சபைகளில் ஒன்று லண்டனில் கிளை தொடங்கியது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெபம் குணமாக்குதலைவிட அறிக்கையிடுதலின் வழியே பரவியது. 1929 செப்டம்பரில் கம்பாலாவின் நமிரெம்பே குன்றில், ருவாண்டாவின் கஹினி மருத்துவமனையிலிருந்து களைத்து வந்திருந்த ஜோ சர்ச் என்ற ஆங்கில மருத்துவரும் சிமியோனி ந்சிபாம்பி என்ற உகாண்டாக்காரரும் இரண்டு நாள் சேர்ந்து வேதம் படித்து ஜெபித்தார்கள். 1930களில் கஹினியிலிருந்து கிளம்பிய எழுப்புதல் உகாண்டா, கென்யா, தங்கனிகா எங்கும் சென்றது. அதில் சேர்ந்தவர்கள் ‘பலோகோலே’, இரட்சிக்கப்பட்டவர்கள். கூட்டத்தின் நடுவே எழுந்து திருட்டையும் விபசாரத்தையும் பகையையும் வெளிப்படையாக அறிக்கையிட்டார்கள். மிஷனரிகளும் எழுந்து, ஆப்பிரிக்கரைத் தாழ்வாக நடத்தியதை ஒப்புக்கொண்டார்கள். காலனி ஆட்சிக் காலத்தில் வெள்ளையர் கறுப்பரிடம் மன்னிப்புக் கேட்ட இடங்கள் மிகச் சில. ஜெபக்கூட்டம் அவற்றில் ஒன்று.

சபை அதிகாரத்துக்கு இது உவப்பாக இருக்கவில்லை. 1941இல் முக்கோனோவின் பிஷப் டக்கர் இறையியல் கல்லூரியில் விடியலுக்கு முன் எழுந்து ஜெபக்கூட்டம் நடத்துவதை நிறுத்த மறுத்ததற்காக 26 மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருக்களை உருவாக்கும் கல்லூரி, ஜெபித்ததற்காக மாணவர்களை வெளியேற்றியது என்று பலோகோலே இன்றும் சொல்வார்கள்; கல்லூரி நிர்வாகத்துக்கு அது ஒழுங்குச் சிக்கல். 1950களில் கென்யாவின் மௌ மௌ போராட்டத்தின்போது எழுப்புதல்காரர்கள் பலர் கிளர்ச்சியாளரின் சத்தியத்தையும் எடுக்க மறுத்தார்கள், அரசு தந்த துப்பாக்கியையும் தூக்க மறுத்தார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். எழுப்புதல் தொடங்கிய ருவாண்டாவிலேயே 1994இல் இனப்படுகொலை நடந்தது. அடைக்கலம் தேடி வந்தவர்கள் கோயில்களுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். எழுப்புதல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடிந்ததில்லை.

ஜெபத்துக்குக் கிடைத்த பதில்களைப் பற்றிய கதைகளில் தமிழ்ச் சபைகளிலும் பலமுறை கேட்கப்பட்ட ஒன்று, காங்கோவின் நெபோபோங்கோவில் மருத்துவராக இருந்த ஹெலன் ரோஸ்வியர் சொன்னது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்துவிட, குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்திருக்க இருந்த கடைசி வெந்நீர்ப் பையும் கிழிந்துபோனது. மறுநாள் ஜெபவேளையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, நாளைக்கு வந்தால் பயனில்லை, இன்று மாலையே ஒரு பை வேண்டும் என்று கடவுளிடம் கேட்டாள். தாயை இழந்த இரண்டு வயது அக்காளுக்கு ஒரு பொம்மையும் கேட்டாள். மருத்துவரால் அதற்கு மனதார ஆமென் சொல்ல முடியவில்லை. அன்று மாலை இங்கிலாந்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே இரண்டும் இருந்தன. அனுப்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கதையைச் சொல்கிறவர்கள் பொட்டலத்தில் நின்றுவிடுகிறார்கள். ரோஸ்வியர் தம் தயக்கத்தையும் சேர்த்தே சொன்னார். அவர் சொன்ன வடிவில் விசுவாசம் சிறுமியிடம் இருக்கிறது. மிஷனரி அவளிடம் கற்கிறார்.

1964 ஆகஸ்டில் சிம்பா கிளர்ச்சியாளர்கள் ரோஸ்வியரைப் பிடித்தார்கள். ஐந்து மாதச் சிறையில் அடிக்கப்பட்டார். ஓர் இரவில் பாலியல் வன்முறைக்கும் ஆளானார். அந்த இரவில் தாம் ஜெபித்ததையும், விடுதலை வராததையும், கடவுள் விலகிப்போனதாகத் தோன்றியதையும் அவர் பின்னாளில் மேடைகளிலும் நூல்களிலும் ஒளிக்காமல் சொன்னார். காரணம் தெரியாமலே நன்றி சொல்ல முடியுமா என்பதே தமக்கு அங்கே எழுந்த கேள்வி என்றார். 1966இல் காங்கோவுக்குத் திரும்பி, ந்யாங்குண்டேயில் ஆப்பிரிக்க மருத்துவப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் வேலையில் சேர்ந்து, 1973 வரை அங்கே இருந்தார்.